கெட்டவளைப் பார்க்கப் போன கதை

(நம் முன்னாள் மாணவர் சங்க ஒன்றுகூடல் விழாவில் ஆற்றிய உரை. மேடையில் பேசியதைப் பெரிதாக மாற்றாமல் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.)



சங்கச் செயலாளர் போன மாதம் போனில் கூப்பிட்டார். "அக்கா, காதர்பேட்டையில நீங்க தொழில் பண்ண அனுபவத்தைப் பத்திப் பேசுங்க, பசங்களுக்கு உபயோகமா இருக்கும்" என்றார். "தொழிலைப் பத்திப் பேச நம்ம ஊர்ல ஆயிரம் பேர் இருக்காங்க தம்பி. நான் பழைய சினிமாவைப் பத்திப் பேசறேன்" என்றேன். "பக்திப் படமுங்களா அக்கா?" என்றார். "இல்ல தம்பி, கெட்ட பொம்பளைங்க வர்ற படம்" என்றேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன். கட்டாகவில்லை. தம்பி யோசித்துக்கொண்டிருந்தார். யோசித்தும் எனக்கு மேடை கொடுத்தாரே, அதற்கு முதல் நன்றி.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அந்தப் படங்கள் ரொம்பப் பிடிக்கும். சொத்தை உருவுகிற தாசி, ராஜாவைக் கைக்குள் போட்டுக்கொண்ட ஆசைநாயகி, மாமனார் வீட்டை ஆட்டிவைக்கிற பணக்கார மருமகள், கிளப் டான்ஸ் ஆடுகிறவள், இவர்கள் வருகிற கறுப்பு வெள்ளைப் படம் எதுவானாலும் உட்கார்ந்துவிடுவேன். ராத்திரி கடையை அடைத்துவிட்டு வந்து, சாப்பாட்டை முடித்து, போனில் பார்ப்பேன். மருமகள் அறைக்குள் வந்தால் சட்டென்று கந்தர் சஷ்டி கவசத்துக்கு மாற்றிவிடுவேன். "அத்தைக்கு ராத்திரி பதினொரு மணிக்கும் சாமி நெனப்புத்தான்" என்று அவள் அக்கம்பக்கத்தில் சொல்லி வைத்திருக்கிறாள். இன்றோடு அந்தப் பேரும் போச்சு.

இந்தப் பழக்கம் எனக்கு என் அம்மாவிடமிருந்து வந்தது.

அம்மா ஒரு ஜின்னிங் பேக்டரியில் பஞ்சில் வேலை செய்தவள். இன்றைக்குத் திருப்பூர் என்றால் பனியன் என்கிறோம். அன்றைக்கு ஊரில் பாதிப் பெண்கள் தலையில் பஞ்சுத் தூசியோடுதான் வீட்டுக்கு வருவார்கள். சனிக்கிழமை சம்பளம். சம்பளம் வாங்கின கையோடு பெண்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து டூரிங் கொட்டகைக்குப் போவார்கள். வீட்டில் சொல்லிவிட்டுப் போவது "சாமி படத்துக்கு". நான் சின்னப் பெண். என்னையும் இழுத்துக்கொண்டு போவாள். மணலைக் குவித்து மேடாக்கி அதன்மேல் உட்கார்ந்து பார்ப்போம்.

அப்படிப் பார்த்த படங்களில் ரத்தக்கண்ணீரை மட்டும் நான்கு முறை பார்த்திருப்பேன். 1954 தீபாவளிக்கு வந்த படம் அது. திருவாரூர் கே. தங்கராசு எழுதி, எம்.ஆர். ராதா ஊர் ஊராகப் போட்டுப் பேர் வாங்கின நாடகத்தை கிருஷ்ணன்-பஞ்சு படமாக எடுத்தார்கள். இங்கே இருக்கிற பெரியவர்களுக்குக் கதை சொல்ல வேண்டியதில்லை. மாணவர்களுக்காகச் சொல்கிறேன். சீமையில் படித்துவிட்டு வந்த மோகன், கட்டின மனைவி சந்திராவை ஒதுக்கிவிட்டு, காந்தா என்ற தாசியிடம் போய் விழுகிறான். சொத்து கரைகிறது. தொழுநோய் வருகிறது. காந்தா அவனை உதைத்துத் துரத்துகிறாள். பிச்சையெடுத்துத் திரிந்த மோகன், கடைசியில் தன் மனைவியைத் தன் நண்பன் பாலுவுக்கே மணம் முடித்துவைத்து, தனக்கு ஒரு சிலை வைத்து ஊருக்குப் பாடமாக்கச் சொல்கிறான். மறுமணத்தை இவ்வளவு துணிச்சலாகச் சொன்ன படம் அன்று அபூர்வம். வருஷக்கணக்காக மறுபடி மறுபடி திரையிட்டார்கள். கல்யாண வீட்டு ஒலிபெருக்கியில் பாட்டுக்குப் பதிலாக இந்தப் படத்தின் வசனத்தைப் போடுவார்கள். பெண்ணும் மாப்பிள்ளையும் மணையில் இருக்க, மேலே குழாயில் ராதா "காந்தா" என்று இழுத்துக் கூப்பிட்டுக்கொண்டிருப்பார். யாருக்கும் அது பொருத்தமில்லாததாகப் படவில்லை.

படம் ஓடும்போது அம்மாவும் அவள் கூட்டாளிகளும் காந்தாவைத் திட்டுகிற திட்டு கொஞ்சநஞ்சமல்ல. "நாசமாப் போவா", "இவ நல்லா இருப்பாளா" என்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு திட்டுவார்கள். கண் மட்டும் இமைக்காது. படம் விட்டு இருட்டில் நடந்து வரும்போது நான் கேட்டுக்கொண்டே வருவேன். "அந்த சந்திரா பாவம்" என்று ஒருத்தி ஒரு தடவை சொல்வாள். சந்திராவுக்கு அவ்வளவுதான். அதற்குப் பிறகு வீடு வந்து சேரும்வரை காந்தாதான். அவள் சேலை கட்டின விதம், நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்த விதம், ஆம்பிளை கத்தும்போது கண்ணைத் தாழ்த்தாமல் நின்ற விதம். அடுத்த வாரம் ஜின்னிங் பேக்டரியில் இரண்டு பேர் அதே மாதிரி ரவிக்கை தைத்துப் போட்டு வந்ததை நானே பார்த்தேன்.

சந்திராவாக நடித்த ஸ்ரீரஞ்சனி நன்றாகத்தான் நடித்தார். ஆனால் மணல் மேட்டில் உட்கார்ந்திருந்த பெண்களுக்கு சந்திரா புதிதில்லை. அழுதுகொண்டே பொறுத்துப்போகிறவளை அவர்கள் வீட்டுக் கண்ணாடியிலேயே பார்க்கலாம். அதற்கு டிக்கெட் எடுக்க வேண்டாம்.

காந்தாவாக நடித்தவர் எம்.என். ராஜம். அவர் பிறந்தது 1940இல் என்கிறார்கள். கணக்குப் போட்டால் படம் வந்தபோது அவருக்கு வயது 14. இன்றைக்கு ஒன்பதாம் வகுப்புப் படிக்கிற பெண்ணின் வயது! பிற்காலப் பேட்டிகளில் அவரே சொல்லியிருக்கிறார்: அவ்வளவு பெரிய நடிகர் ராதாவை உதைக்கத் தயங்கினாராம், ராதாதான் தைரியம் சொல்லி உதைக்கச் சொன்னாராம். நிஜ வாழ்க்கையில் அந்த அம்மா பின்னணிப் பாடகர் ஏ.எல். ராகவனை 1960இல் மணந்துகொண்டு, 2020இல் அவர் மறையும்வரை அறுபது வருஷம் குடும்பம் நடத்தினார். உலகம் அவரைக் கும்பிட்டிருக்க வேண்டும். ஆனால் உலகத்துக்கு அவர் காந்தாதான்.

இன்னொருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். டி.ஆர். ராஜகுமாரி. நம் ஊரிலிருந்து ஐம்பது கிலோமீட்டரில், கோவை சென்ட்ரல் ஸ்டுடியோவில் எடுத்த படம் ஹரிதாஸ். 1944 தீபாவளிக்கு வந்து சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்ட படம். தியாகராஜ பாகவதர் ஹரிதாஸ். அவரை மயக்கி, பெற்றவர்களையும் மனைவியையும் மறக்கடித்து, சொத்தைப் பிடுங்குகிற ரம்பா யார் என்றால் ராஜகுமாரி. அதில் அவர் பறக்கவிட்ட ஒரு முத்தத்தைப் பற்றி நான் பிறப்பதற்கு முன்னாலிருந்து இன்றுவரை பேசிக்கொண்டிருக்கிறார்கள். பத்து வருஷம் கழித்து 1954இல் மனோகராவில் வசந்தசேனை. பம்மல் சம்பந்த முதலியார் நாடகமாக எழுதி, கலைஞர் வசனத்தில் எல்.வி. பிரசாத் இயக்கிய படம். சோழ ராஜாவைக் கைக்குள் போட்டுக்கொண்டு பட்டத்து ராணியையும் இளவரசனையும் படாதபாடு படுத்துகிறவள். கண்ணாம்பாவும் சிவாஜியும் அந்தப் படத்தில் இடி மாதிரி பேசுவார்கள். வசந்தசேனை ஒரு புருவத்தை உயர்த்தினால் போதும். எங்கள் கூட்டத்துப் பெண்கள் "பாரு பாரு" என்று ஒருத்தியை ஒருத்தி இடித்துக்கொள்வார்கள்.

திரையில் ஆம்பிளைகளின் சொத்தைப் பிடுங்கின இந்த ராஜகுமாரி நிஜத்தில் என்ன செய்தார் தெரியுமா? தான் உழைத்துச் சம்பாதித்த பணத்தில் சென்னை பாண்டி பஜாரில் தன் பேரிலேயே தியேட்டர் கட்டினார். தம்பி டி.ஆர். ராமண்ணாவோடு சேர்ந்து ஆர்.ஆர். பிக்சர்ஸ் என்று படக் கம்பெனி நடத்தினார். எம்.ஜி.ஆரும் சிவாஜியும் சேர்ந்து நடித்த ஒரே படமான கூண்டுக்கிளி அவர்கள் கம்பெனிப் படம்தான். 1999இல் காலமானார். இந்தச் சங்கதியெல்லாம் எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. ஆனால் அந்தப் பெண்கள் அவரைப் பார்த்து எதற்கு அவ்வளவு சொக்கினார்கள் என்பது அப்போது புரிந்தது.

அந்தப் படங்களில் கெட்டவள் ஒருத்தி மட்டும்தான் தன் பெட்டிச் சாவியைத் தன் இடுப்பில் வைத்திருப்பாள். பணத்தைத் தானே எண்ணுவாள். நல்லவள் பணத்தைத் தொட்டால் அது தாலியைக் கழற்றிக் கொடுக்கிற சீனாகத்தான் இருக்கும். சனிக்கிழமை வாங்கின சம்பளத்தை ஞாயிற்றுக்கிழமை புருஷன் கையிலோ மாமியார் கையிலோ கொடுத்துவிடப்போகிற பெண்களுக்கு, இடையில் அந்த ஒரு ராத்திரி, மூன்று மணி நேரம், சாவி வைத்திருக்கிற ஒருத்தியைப் பார்க்க ஆசை. அதைச் சொல்ல முடியாது. அதனால் திட்டிக்கொண்டே பார்த்தார்கள்.

கடைசி ரீலில் அவளுக்குத் தண்டனை கிடைத்தாக வேண்டும். அந்த ரீல் இருக்கிற தைரியத்தில்தான் மற்ற ரீல்களை ரசிக்க முடியும். "நாங்க பாடம் கத்துக்கத்தான் வந்தோம்" என்று வீட்டில் சொல்லிக்கொள்ளலாம் அல்லவா? இது நம் ஊர் வழக்கம் மட்டும் இல்லை. ஹாலிவுட்டில் 1934 முதல் ஒரு விதித் தொகுப்பைக் கண்டிப்பாக அமல்படுத்தினார்கள். தப்புச் செய்தவர் படம் முடிவதற்குள் அனுபவித்தாக வேண்டும் என்பது அதன் சாரம். போன வருஷம் என் பேரன் ஜெஸபெல் என்ற 1938ஆம் வருஷத்துப் படத்தைப் போட்டுக் காட்டினான். கல்யாணமாகாத பெண்கள் வெள்ளை உடுத்தி வர வேண்டிய விருந்துக்குக் கதாநாயகி சிவப்பு உடுத்திப் போகிறாள். படமோ கறுப்பு வெள்ளை! ஆனாலும் எனக்கு அந்தச் சிவப்பு தெரிந்தது. நடித்தவர் பெட் டேவிஸ்; அதற்கு ஆஸ்கர் வாங்கினார். கடைசியில் மஞ்சள் காய்ச்சல் வந்தவனோடு தீவுக்குப் போய்ப் பிராயச்சித்தம் செய்கிறாள். அங்கே மஞ்சள் காய்ச்சல், இங்கே தொழுநோய். பாவத்துக்குக் கூலி வியாதி என்று இரண்டு தேசத்திலும் ஒரே கணக்கு. மாணவர்கள் இதை மட்டும் திருத்திக்கொள்ளுங்கள். தொழுநோய் ஒரு கிருமியால் வருவது. 1981இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கூட்டு மருந்துச் சிகிச்சையில் முழுசாகக் குணமாவது. அதற்கும் ஒழுக்கத்துக்கும் சம்பந்தமில்லை.

அம்மா ஒரே ஒரு கெட்டவளை மட்டும் திட்டவில்லை. 1973இல் பாலசந்தரின் அரங்கேற்றம் வந்தது. குடும்பத்தைக் காப்பாற்றவும், தம்பியைப் படிக்கவைக்கவும் கெட்டுப்போகிற லலிதாவாக பிரமீளா. அவள் பணத்தில் சாப்பிட்ட குடும்பமே அவளை வெளியே தள்ளுகிறது. அன்று திரும்பி வரும்போது யாரும் பேசவில்லை. வீட்டு வாசலில் அம்மா மட்டும், "சாப்பிடும்போது தெரியலயாமா?" என்றாள். எதைக் கேட்டாள் என்று எனக்கு அப்போது சரியாகப் புரியவில்லை.

இப்போது நம் கல்லூரிக்கு வருகிறேன். நான் பொருளாதார வகுப்பில் சேர்ந்தது 1974இல். வகுப்பில் பெண்கள் ஏழு பேர். 1976 கல்லூரி நாள் விழாவுக்கு ரத்தக்கண்ணீரில் இரண்டு காட்சி போடுவது என்று பையன்கள் முடிவு செய்தார்கள். சந்திராவாக நடிக்க மூன்று பேர் தயார். காந்தாவாக நடிக்க ஆள் இல்லை. ஒரு பையனுக்கே சேலை கட்டிவிடலாம் என்று பேச்சு வந்தது. நான் எழுந்து, "நான் நடிக்கறேன்" என்று சொல்லிவிட்டேன். வகுப்பே திரும்பிப் பார்த்தது. எனக்கே என் குரல் யாரோடதோ மாதிரி இருந்தது.

நடித்தேன். உதைத்தேன். உதை வாங்கினவர் இன்று மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். பேர் சொல்ல மாட்டேன். அவர் சிரிப்பிலேயே தெரிந்திருக்கும். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. அந்தக் கைதட்டலை நான் இன்னும் மறக்கவில்லை. மறுநாள் காலையில் கரும்பலகையில் "காந்தா" என்று எழுதியிருந்ததையும் மறக்கவில்லை.

அதற்குப் பிறகு எனக்கு அந்தப் பேர்தான். பஸ் ஸ்டாண்டில், நூலகத்தில், பரீட்சை ஹாலில். பல்லடம் பக்கம் எனக்கு ஒரு இடம் பேசி முடிகிற நிலையில் இருந்தது. "பொண்ணு நாடகத்துல தாசி வேஷம் போட்டவளாமா" என்று ஆள் சொல்லி அனுப்பினார்கள். அப்பா என்னோடு பேச்சை நிறுத்தினார். "படிச்சது போதும், நிறுத்திரு" என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா ஒன்றும் எதிர்த்துப் பேசவில்லை. அந்தச் சனிக்கிழமை சம்பளத்தை முதல் தடவையாக அப்பா கையில் கொடுக்காமல் என் கையில் கொடுத்தாள். "பரீச்சைக்குப் பணம் கட்டிரு" என்றாள்.

அன்று ராத்திரி அடுப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல் கேட்டாள்: "ஏங்கண்ணு, நல்லா ஒதச்சயா?"

"ஒதச்சேம்மா."

"நெசமாவா, மெதுவாவா?"

"மெதுவாத்தாம்மா. பாவம், அந்தப் பையனுக்கு அடி பட்டுருமில்ல."

"ம்" என்றாள். கொஞ்சம் ஏமாற்றம் மாதிரி இருந்தது.

இந்தக் கதையை நான் பல இடத்தில் சொல்லிக் கைதட்டு வாங்கியிருக்கிறேன். இதோடு நிறுத்தினால் நான்தான் கதாநாயகி. ஆனால் இன்று முன்னால் மாணவிகள் இவ்வளவு பேர் உட்கார்ந்திருக்கிறீர்கள். மீதியையும் சொல்லத்தான் வந்தேன்.

பட்டம் வாங்கின பிறகு ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதப் போனேன். ஏற்றுமதி ஆர்டர்கள் வரத் தொடங்கின காலம். 1983இல் செக்கிங் பகுதியை என்னிடம் விட்டிருந்தார்கள். டேபிளைச் சுற்றிப் பெண்கள் நின்று பீஸ் பார்ப்பார்கள். அதில் திண்டுக்கல் பக்கமிருந்து வந்த ஒரு பெண். பத்தொன்பது வயசு இருக்கும். கண்ணுக்கு மை தீட்டி, தலை நிறையப் பூ வைத்து வருவாள். டெய்லர் பையன்கள் ஏதாவது சொன்னால் குனிந்துகொண்டு போகாமல் பதிலுக்குப் பதில் சொல்லிச் சத்தமாகச் சிரிப்பாள். ஒருநாள் ஷிப்மெண்ட் நெருக்கடி. பீஸ் நகரவில்லை. அவள் சிரிப்பு கேட்டது. நான் அந்தக் கோடியிலிருந்து, "ஏய் சிலுக்கு, சிரிச்சது போதும், பீஸைப் பாரு" என்று கத்தினேன்.

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

மறுநாளிலிருந்து அவளுக்கு அந்தப் பேர்தான். கட்டிங் மாஸ்டரில் இருந்து டீ கொண்டுவருகிற பையன் வரை அப்படித்தான் கூப்பிட்டார்கள். அவள் போகும்போது பாட்டுப் பாடினார்கள். நைட் ஷிப்ட் முடிந்து போகும்போது தெருமுனையில் நின்றார்கள். பூ வைப்பதை விட்டாள். சிரிப்பதை விட்டாள். ஒரு மாசத்தில் வேலைக்கு வருவதையும் விட்டுவிட்டாள். கடைசி வாரச் சம்பளக் கவரை வாங்கக்கூட அவள் வரவில்லை. தம்பியை அனுப்பியிருந்தாள். கையெழுத்து வாங்கிக்கொண்டு கவரைக் கொடுத்தவள் நான்தான். ஏன் வரவில்லை என்று அந்தப் பையனிடம் நான் கேட்கவில்லை.

என்னைக் கரும்பலகையில் எழுதினவனாவது பையன். நான் கரும்பலகையில் என் பேரைப் பார்த்தவள். எனக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

1991இல் காதர்பேட்டையில் சின்னதாகக் கடை போட்டேன். 1996 செப்டம்பர் 23ஆம் தேதி சில்க் ஸ்மிதா சென்னையில் இறந்துபோனார். மறுநாள் கடையில் பத்திரிகையை விரித்துப் போட்டுக்கொண்டு வாடிக்கையாளர்கள் பேசினார்கள். சிலர் கேலி பேசினார்கள். அப்போதுதான் நான் ஒன்றைக் கவனித்தேன். சில்க் ஸ்மிதாவின் சொந்தப் பேர் விஜயலட்சுமி. 1980இல் வண்டிச்சக்கரம் படத்தில் சாராயக் கடையில் வேலை செய்கிற பெண்ணாக நடித்தார். அந்தப் பாத்திரத்தின் பேர் சிலுக்கு. அதுவே அவர் மேல் ஒட்டிக்கொண்டது. அலைகள் ஓய்வதில்லையில் அண்ணியாக எவ்வளவு அழகாக நடித்திருப்பார்! அதைப் பார்த்தவர்களும் சிலுக்கு என்றுதான் சொன்னார்கள். ஒரு படத்தில் போட்ட வேஷத்தின் பேரோடு அந்த அம்மாவின் வாழ்க்கை போய்விட்டது.

அன்று ராத்திரி அந்தத் திண்டுக்கல் பெண்ணின் பேரை ஞாபகப்படுத்திப் பார்த்தேன். வரவில்லை. மஸ்டர் ரோலில் வாராவாரம் என் கையால் எழுதின பேர். இன்றுவரை வரவில்லை. யோசித்தால் நான் வைத்த பேர்தான் வருகிறது.

காதர்பேட்டையில் நாங்கள் விற்பதில் பெரும்பகுதி எக்ஸ்போர்ட்டில் மிஞ்சினதும் கழித்ததும். செகண்ட்ஸ் என்கிறோம். எங்கோ ஒரு ஊசி ஓட்டை, ஒரு சொட்டு எண்ணெய்க் கறை. செக்கிங் டேபிளில் ஒரு கை அந்த இடத்தில் சின்னதாக ஒரு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டும். ஒட்டிவிட்டால் அது செகண்ட்ஸ். பனியனுக்காவது ஓட்டை இருந்தது. அந்தப் பெண் சிரித்தாள், பூ வைத்தாள், அவ்வளவுதான். ஒட்டின கை என் கை.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கு நான் சொல்வது இதுதான். அந்தப் படங்களைப் பாருங்கள். காந்தாவையும் ரம்பாவையும் வசந்தசேனையையும் நன்றாக ரசியுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. என் அம்மா வாரம் ஆறு நாள் தூசி தின்றுவிட்டு ஒரு ராத்திரி காந்தாவைப் பார்த்து வயிறு நிறைந்து வந்தாள். அது பாவம் என்றால் அந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு. வெட்கப்பட வேண்டியது கொட்டகைக்கு வெளியே செய்கிற காரியத்துக்கு. படத்தில் கடைசி ரீலில் தண்டனை கொடுக்க டைரக்டர் இருக்கிறார். வெளியே அந்த வேலையை நாம் எடுத்துக்கொள்கிறோம். பஸ்ஸில் சத்தமாகச் சிரிக்கிறவளுக்கு, நைட் ஷிப்ட் போகிறவளுக்கு, தனியாக ரூம் எடுத்துத் தங்கியிருக்கிறவளுக்கு ஒரு பேர் வைக்கிறோம். எங்கள் காலத்தில் கரும்பலகை. உங்கள் காலத்தில் போன். கரும்பலகையையாவது மறுநாள் காலையில் அழிப்பார்கள்.

நாளை முதல் என் மருமகள் அறைக்குள் வந்தால் நான் கந்தர் சஷ்டி கவசத்துக்கு மாற்றப்போவதில்லை. பக்கத்தில் உட்காரச் சொல்லப்போகிறேன். அவளுக்கும் காந்தாவைப் பிடிக்கும் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

கடைசியாக ஒரு கோரிக்கை. இந்த மண்டபத்தில் அந்தக் காலத்தில் பனியன் கம்பெனிகளில் வேலை செய்த அண்ணன்மார் நிறையப் பேர் இருக்கிறீர்கள். என்னோடு அதே கம்பெனியில் இருந்தவர்கள் இரண்டு மூன்று பேரை நான் பார்த்துவிட்டேன். 1983இல் செக்கிங்கில் இருந்த அந்தத் திண்டுக்கல் பெண்ணுக்கு இன்று அறுபது வயசு ஆகியிருக்கும். அவள் எங்கே இருக்கிறாள் என்று கேட்க எனக்கு உரிமையில்லை. யாருக்காவது ஞாபகம் இருந்தால், சாப்பாட்டுப் பந்தியில் என் பக்கத்தில் வந்து, அவள் பேரை மட்டும் சொல்லிவிட்டுப் போங்கள். சொந்தப் பேரை.